எண்ணூர்க் கடல்காற்றும் இரண்டு கண்டென்சர்களும்

1972 மே 9, செவ்வாய்க்கிழமை, காலை 6.10. ராயபுரம் குடோன் வாசல். லாரியில் ஏறிய சாமான் ஆறு: சூட்டை வெளியே தள்ளும் கண்டென்சர் இரண்டு, வெப்பம் பார்க்கும் சென்சர் இரண்டு, ஈரம் பார்க்கும் சென்சர் இரண்டு. ஆள் மூன்று: குளிர்சாதனக் கம்பெனியில் புது இன்ஜினியரான நான், லாரி ஓட்டும் காதர் பாய், பளு தூக்கும் சூசை. சூசைக்கு என் வயசுதான். வாய் மட்டும் இரண்டு மடங்கு.

போவது எண்ணூரில் ஒரு தொழிற்சாலைக்கு. முதுகு, முழங்கால் அடிபட்ட தொழிலாளிகள் வெந்நீரில் நடந்து பழகக் கூரைக்குள் ஒரு குளம் கட்டியிருக்கிறார்கள். ஆவி போக வழியில்லை. கூரை சொட்டுகிறது, தரை வழுக்குகிறது, குளம் பூட்டிக் கிடக்கிறது. ஈரத்தை இழுக்கும் பெட்டி போன வாரமே உள்ளே உட்கார்ந்துவிட்டது. மீதியை மாட்டி, மூன்றிலிருந்து ஐந்து மணி வரை நிற்காமல் ஓட்டிக் காட்ட வேண்டும். ஓடினால் இனி வெளிவேலைக்கு நான் தனியாகப் போகலாம். நின்றால் மறுபடி ஆபீசில் வரைபட மேஜை. அதை நினைத்தாலே கொட்டாவி வருகிறது.

தூரம் 13 கிலோமீட்டர், லாரி வாடகை முப்பது ரூபாய். தண்டையார்பேட்டை ரயில்வே கேட்டில் இருபத்தைந்து நிமிடம் வீண். திருவொற்றியூரில் நாலு இட்லி அறுபது பைசா, சட்னிக்காகவே இறங்கலாம். 7.50-க்கு எண்ணூர்.

ஈர சென்சருக்குள் இருப்பது மனித முடி. ஈரம் பட்டால் நீளும், காய்ந்தால் சுருங்கும். அந்த அசைவில் ஸ்விட்ச் விழும். சூசை எட்டிப் பார்த்தான்.

"இன்னா நைனா, மெஷினுக்கு சவுரி வெக்கிற? பூ வாங்கியாரட்டா?"

கண்டென்சர்களை வெளிச்சுவரை ஒட்டி, விசிறி கடலைப் பார்க்க வைத்தேன். சூட்டைத் திறந்தவெளிக்குத் தள்ளு என்கிறது பாடம்.

"மாமு, இப்ப அடிக்கிறது தரைக்காத்து. ஒரு மணிக்கா கடல்காத்து வந்துகினே இருக்கும். அப்பால பேஜாரு."

"நான் இதைப் படிச்சிட்டு வந்தவன்."

"நீ படிச்ச. காத்து படிக்கலியே!"

10.50-க்கு ஓட்டினேன். அழுத்தமானி 160 காட்டியது. சூசையைப் பார்த்துப் புருவம் தூக்கினேன். 1.20-க்குக் காற்று திரும்பியது. விசிறி தள்ளிய சூடு அப்படியே கண்டென்சர் மேலேயே திரும்பி விழுந்தது. 180, 205, 230. டக். அழுத்தம் எல்லை தாண்டியதும் இயந்திரம் தானாகவே நின்றுவிட்டது.

திருப்பி வைக்கக் குழாயை வெட்டி ஒட்ட வேண்டும். ஒரு நாள் வேலை. நான் திருதிருவென்று விழிக்க, சூசை லாரிப் பக்கம் ஓடினான்.

"டேய், என் தார்ப்பாய்டா!" என்று காதர் பாய் கத்தினார்.

"கிழியாது பாய், தோஸ்துக்குத்தான்!"

சூசை வீட்டில் மூன்று பேர் கட்டுமரம் ஏறுகிறவர்கள். இரண்டு மூங்கில் நட்டு, விசிறிக்கு ஆறடி தள்ளித் தார்ப்பாயைச் சாய்வாக இழுத்துக் கட்டினான். கடல்காற்று அதில் மோதி மேலே ஏறியது; சூடும் கூடவே போனது. மானி 175-இல் நின்றது.

மூன்றுக்குத் தொடங்கி ஐந்து மணிவரை நிற்காமல் ஓடியது. தொழிற்சாலை மேனேஜர் வெளியே வந்து, தார்ப்பாயைக் காட்டி, "அது என்னய்யா?" என்றார்.

"என் தப்பு சார். திசை மாத்தி வெச்சிட்டேன். சொன்னவன் பேச்சைக் கேக்கல."

சிரித்துவிட்டு எழுதினார்: 'ஓடியது. தார்ப்பாய் இல்லாமல் ஒரு முறை ஓட்டிக் காட்டியபின் கையெழுத்து.' எனக்கு அது போதும்.

இந்தக் கரையில் இயந்திரம் வைக்க வருபவர்கள் காலையில் ஒரு தடவை, மதியம் ஒரு தடவை காற்றைப் பார்த்துவிட்டு ஆணி அடியுங்கள். நான் இனிச் செய்யப்போவது:

1. வெள்ளிக்கிழமை இரண்டு கண்டென்சரையும் வடக்கே திருப்புவது.
2. மதியம் ஒன்றரைக்குப் பிறகு மட்டுமே சோதனை ஓட்டம்.
3. காதர் பாயின் தார்ப்பாயை ஒழுங்காக மடித்துக் கொடுப்பது.
4. தனியாகப் போகலாம் என்று உத்தரவு வந்ததும், சூசையையும் என்கூட அனுப்பச் சொல்லி மனு எழுதுவது.