பத்தாவது ஆள்

ஜனவரி 6: இருபத்தைந்து பேர்.
ஏப்ரல் 14: பதினாறு பேர்.
ஜூலை 21: பத்துப் பேர்.
ஜூலை 28: ஒன்பது பேர்.

லாரி எடைமேடை எழுத்தர் தம் குழுவுக்கு எழுதிவந்த பெயர்ப்பதிவு இது. ஞாயிறு மதியந்தோறும் அவர்கள் இணைய விளையாட்டில் டிராகனைக் கொல்லக் கூடுவார்கள். பத்துப் பேர் சேர்ந்து நின்றால்தான் குகைக்கதவு திறக்கும். சொல்லாமல் மூன்று வாரம் வராதவர் பெயரை அடித்துவிட வேண்டும் என்பது எழுத்தரே வகுத்த விதி. விளையாட்டிலும் அடிபட்டவர்களுக்கு மருந்து போடும் நர்ஸ், ஆஸ்பத்திரி வேலை நெருக்கடியில் சொல்லக்கூட நேரமின்றி மூன்று வாரம் வரவில்லை.

"இருக்கிறதே பத்துப் பேரு. அதுலயும் ஒண்ண வெட்டுறீங்களே, கணக்குப்புலி! கதவ உங்க நோட்டா வந்து திறக்கும்?" என்றான் குழுவில் கேடயம் பிடிக்கும் பஸ் டிரைவர்.

"விதின்னா எல்லாருக்கும் ஒண்ணுதான் தம்பி."

கோடு போட்டார். அதன்பின் கதவு திறக்கவே இல்லை. வாசலில் நின்று சலித்து, டிரைவர் உட்பட ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். தனியாக நின்ற எழுத்தர், திரும்பி வரும்படி நர்ஸுக்கு மின்னஞ்சலில் ஏழு கடிதம் எழுதினார். ஒரே ஒரு பதில் வந்தது.

"கோவமெல்லாம் இல்லண்ணே. பேர அடிச்ச அன்னிக்கே விளையாட்டுல என் கணக்க அழிச்சிட்டேன். இனிமே எழுதாதீங்க."

அதையும் நோட்டில் பதிந்தார். கடிதம் வந்த தேதி: அக்டோபர் 13.