ஜித்தாவில் மாட்டிக்கொண்டவர்

என் கணவர் ஜித்தா துறைமுகத்தில் கிரேன் மெக்கானிக்காக இருந்தார். நான்காவது வருடம் கம்பெனியை மூடிவிட்டார்கள். பாஸ்போர்ட் முதலாளியிடம் இருந்தது. நாட்டைவிட்டு வெளியேற அந்த முதலாளி கையெழுத்துப் போட வேண்டும். அவரோ போனையே எடுக்கவில்லை. தங்குவதற்கான அட்டையும் காலாவதியாகிவிட, போலீசுக்குப் பயந்து இவர் அறைக்குள்ளேயே கிடந்தார்.

இங்கே ஊரில், அல்வாலில், நானும் ஏறக்குறைய அப்படித்தான் இருந்தேன். சர்ச்சில் எல்லோரும் "எப்ப வர்றார்?" என்றே கேட்டார்கள். போவதை நிறுத்தினேன். மகளும் "டாடி கப் ஆயேங்கே?" என்று அப்பா வரும் நாளைக் கேட்பதை விட்டுவிட்டாள்.

அந்தச் சமயத்தில் கீழ்வீட்டு ஆண்டி மக்காவுக்கு உம்ரா யாத்திரை கிளம்பினார்; ஜித்தா ஏர்போர்ட்டில்தான் இறங்க வேண்டும். எங்களோடு பழகியதில் அவருக்குத் தமிழ் வரும். என் கணவரின் பிரஷர் மாத்திரைகளை ஆண்டியிடம் கொடுத்தேன்.

"ஏர்போர்ட்டுக்கு வர தைரியம் இருக்குமான்னு தெரியல ஆண்டி."

"வருவாரு. ஃபிகர் நக்கோ, கவலப்படாதம்மா."

பதினைந்து நாளில் ஆண்டி திரும்பினார். பெட்டியைக்கூடப் பிரிக்காமல் நேராக மாடிக்கு வந்தார்.

"வந்தாரும்மா. தண்ணி கேன் வண்டியில டிரைவர் பக்கத்துல உக்காந்து வந்தாராம். மாத்திரை வாங்கினதும் போகல. எங்க மக்கா பஸ் கிளம்புற வரைக்கும் கதவுகிட்டயே நின்னாரு. ஏறிடுவாரோன்னு பயந்துட்டேன்."

"ஏதாவது சொன்னாரா?"

"நீங்க எப்ப ஊருக்குத் திரும்புறீங்கன்னு கேட்டாரு. தேதி சொன்னேன். திரும்பத் திரும்ப அதையே கேட்டாரு."

பேரீச்சம்பழப் பொட்டலத்தை மேஜைமேல் வைத்தார். எனக்கு நன்றி சொல்ல வரவில்லை. இத்தனை பேர் அந்த ஊருக்குள் போய் வருகிறார்களே, இவரால் மட்டும் வர முடியவில்லையே என்று ஆண்டிமேல் கோபம்தான் வந்தது. அவருக்குப் புரிந்திருக்கும். என் தலையைத் தடவிவிட்டு இறங்கிப் போனார். மறுநாள் போய் மன்னிப்புக் கேட்டேன்.

தூதரகத்துக்கு எழுதிக்கொண்டே இருந்தேன். அட்டை காலாவதியானவர்கள் முதலாளி கையெழுத்து இல்லாமலே கிளம்பலாம் என்று அங்கே பொதுமன்னிப்பு அறிவித்த பிறகுதான், ஏறக்குறைய ஒரு வருடம் கழித்து, ஒரு தோள்பையோடு வந்து சேர்ந்தார்.

இப்போது பக்கத்துப் போலாரத்தில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்க்கிறார். தெருமுனையில் பால் வாங்கப் போவதென்றாலும் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்கிறார்.

"போயிட்டு வரட்டுமா?"

நான் "போங்க" என்று சொல்லும்வரை நகர்வதில்லை.