கூப்பிட்டதைக் காட்டாத டிஸ்க்

காலையில் என் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடையைத் திறந்ததும் எருமப்பட்டியிலிருந்து ஒரு தம்பதி வந்தார்கள். கையில் உள்ளங்கை அகலத்தில் ஒரு டிவிடி. அவர்களுடைய கல்யாணத்தில் சொந்தக்காரர் ஒருவரின் கேமராவில் நேராகப் பதிவானது. எந்தக் கம்ப்யூட்டரில் போட்டாலும் 'டிஸ்க் காலி' என்கிறதாம்.

"எப்படியாச்சும் தொறந்து குடுங்க சாமி. இவ அண்ணனைப் பந்திக்கு யாருமே கூப்பிடலைன்னு இன்னிக்கு வரைக்கும் பேச்சு வாங்கறனுங்க" என்றார் கணவர்.

டிஸ்க் காலியில்லை. கேமரா பதிவை எழுதிவைத்த முறை, அதாவது ஃபைல் சிஸ்டம், வேறு வகை. தனக்குப் படிக்கத் தெரியவில்லை என்று ஒப்புக்கொள்ள இந்தக் கம்ப்யூட்டர்களுக்கு வாய் வராது. காலி என்று சொல்லிவிடும்.

லினக்ஸ் போட்ட என் பழைய லேப்டாப்பில் அந்த வகையைப் படிக்கவைக்கும் டிரைவர் மென்பொருளைத் தேடி ஏற்றி, மதியம் வரை மல்லுக்கட்டினேன்.

திறந்தேவிட்டது! முதல் பந்தியிலேயே அண்ணன் உட்கார்ந்து, இலையில் இன்னொரு கரண்டி பாயசம் வாங்குகிறார். கணவர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

அந்த அம்மா கடைசி வரை கண் எடுக்காமல் பார்த்தார்.

"எங்கண்ணன் சாப்பிடறாரு, சரிங்க. கூப்பிட்டது எங்கீங்க இருக்குது?"

"காலியாவே இருந்திருக்கலாமுங்க" என்றார் கணவர், எனக்கு மட்டும் கேட்கும்படி.

அந்தக் கல்யாணத்துக்குக் கேமராவோடு போன வேறு புண்ணியவான் யாராவது இதைப் படிப்பவர்களில் இருக்கிறீர்களா? டிஸ்க் எந்த வகையானாலும் திறந்து தருகிறேன். கூப்பிடுவது மட்டும் அதில் இருக்கட்டும்.