ஸ்டெல்லா அக்கா வாசல் சம்பங்கி

எதிர் பிளாட்டில் சித்திரை முதல் நாளுக்கென்று பிளாஸ்டிக் செண்டுமல்லித் தோரணம் தொங்கவிட்டிருக்கிறார்கள். கூரியரில் வந்தது; அட்டைப்பெட்டி இன்னும் லிஃப்ட் பக்கத்தில் கிடக்கிறது. வாடாது, உதிராது, வாசனையும் கிடையாது. அதைப் பார்த்து எனக்குப் பொறாமை வரவில்லை என்பதுதான் ஆச்சரியம். அடுத்த வீட்டுப் பூவைப் பார்த்து வயிறெரிவதில் நான் ஒரு காலத்தில் கைதேர்ந்தவள். நம்பவில்லையென்றால் மரக்காணம் கதையைக் கேளுங்கள்.

கல்யாணமாகிப் போனபோது கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டி ஒரு வாடகை வீடு கிடைத்தது. வாசலில் ஒரு புடவை விரிக்கிற அளவுக்கு மண். என் அப்பா திண்டிவனத்துக்கு உள்ளே தள்ளி ஒரு கிராமத்தில் சம்பங்கி பயிரிடுகிறவர். அவர் மகள் என்று பெயர்தானே தவிர, எனக்குப் பூக் கட்டத்தான் தெரியும். ஒரு செடிகூட வளர்த்ததில்லை. ஆனாலும் போனில், "வாசல்ல தோட்டம் போட்டிருக்கேன், புது வருஷத்துக்கு வந்து பாருப்பா" என்று அளந்துவிட்டேன். அப்பா வாயால் ஒரு முறை 'பரவாயில்லையே' என்று சொல்ல வைத்துவிட வேண்டும். அந்த வயதில் அதற்கு மேல் எனக்கு ஒரு லட்சியமும் இருந்ததாக நினைவில்லை.

தை மாதம் விதைத்த செண்டுமல்லியும் காசித்தும்பையும் நன்றாகத்தான் எழுந்தன. பங்குனியில், ஊரைச் சுற்றியிருந்த உப்பளத்தில் உப்பு விளையத் தொடங்கிய நேரம், இலையோரம் எல்லாம் பழுப்பாகக் கருகியது. தண்ணீர் போதவில்லை போலிருக்கிறது என்று கிணற்றிலிருந்து இன்னும் இரண்டு குடம் ஊற்றினேன். இன்னும் கருகியது. இன்னும் ஊற்றினேன்.

வேலிக்கு அந்தப் பக்கம் ஸ்டெல்லா அக்கா வாசலிலோ இலை தெரியாமல் பூ. அவள் விடிகாலையில் உப்பளத்துக்குப் போய், உப்பு சுமந்து, வெடித்த பாதத்தோடு மதியம் திரும்புகிறவள். நாளெல்லாம் வீட்டிலிருந்த எனக்கு வராத பூ அவளுக்கு மட்டும் எப்படி? அதைவிடக் கொடுமை, தவக்காலம் என்று ஈஸ்டர் வரைக்கும் அவள் ஒரு பூவைக்கூடத் தலையில் வைக்கவில்லை. அத்தனையும் செடியிலேயே நின்று என்னைப் பார்த்தன. துணி உலர்த்துகிற சாக்கில் எட்டி எட்டிப் பார்ப்பேன். "எப்படிக்கா?" என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டால் தோற்றது போலாகிவிடும் என்று வாயை மூடிக்கொண்டேன்.

என் கணவர் வேறு, மெடிக்கல் ஷாப் வேலை முடிந்து வந்து வண்டியை நிறுத்தும்போதெல்லாம், "அவங்க வீட்டுப் பூ நல்லா இருக்குது இல்ல?" என்பார். அன்றைக்கு ரசம் வாயில் வைக்க முடியாது.

பூக்காவிட்டால் என்ன, செய்துவிடலாம் என்று க்ரேப் பேப்பர் வாங்கி, மைதாப் பசை காய்ச்சி, கம்பியில் ரோஜா ரோஜாவாகச் சுற்றினேன். மைதாப் பசை வாசனை எங்கே அடித்தாலும் எனக்கு இன்றும் அந்தச் சிவப்புச் சாயம்தான் ஞாபகம் வருகிறது. கடற்காற்றின் ஈரத்தில் ஒரே இரவில் அத்தனை ரோஜாவும் தலை தொங்கி, வெள்ளையடித்த சுவரில் சிவப்பாகக் கோடு கோடாக இறங்கியிருந்தது. வெட்டுக்குத்து நடந்த வீடு போல இருந்தது.

அந்த வருடம் சித்திரை முதல் நாளும் பெரிய வெள்ளியும் ஒரே நாளில் வந்தன. விடிந்ததும் ஸ்டெல்லா அக்கா முறம் நிறையப் பூவோடு வந்து நின்றாள்.

"இன்னிக்கு எங்க வீட்ல பூ வெக்க மாட்டோம்மா. உங்களுக்கு நல்ல நாளு, அப்பா வேற வர்றாருன்ற. ஈஸ்டருக்கு மொட்டு இருக்குது. நீ இத கட்டிக்க."

வாங்கிக்கொண்டேன். நன்றியைவிட எரிச்சல்தான் அதிகம். பொறாமைப்படுகிறவளுக்கு, எதிராளி நல்லவளாகவும் இருந்து தொலைத்தால் அதைப் போல ஒரு தொல்லை கிடையாது. மாவிலையோடு சேர்த்துக் கட்டி நிலைப்படியில் தொங்கவிட்டேன்.

அப்பா பத்து மணி பஸ்ஸில் வந்தார். கையில் ஒரு கோணிப்பை. என் தோட்டத்தில் நடுவதற்கென்று அவர் பூக்கொல்லையிலிருந்து தோண்டிய சம்பங்கிக் கிழங்கு. தோரணத்தைப் பார்த்தார்.

"நீ வளத்ததாம்மா?"

நான் பதில் தேடுவதற்குள், வேலியோரம் நின்ற ஸ்டெல்லா அக்கா, "ஆமாம்ப்பா, இவதான் வளத்தா" என்றாள். பெரிய வெள்ளியன்று எனக்காக ஒரு பொய்.

அப்பா என் வாசல் மண்ணைப் பார்த்தார். உப்பு வெள்ளையாகப் பூத்திருந்தது, நடுவில் கருகிய தண்டுகள். பிறகு அந்தப் பக்கம், அப்போதுதான் பூப் பறித்த செடிகளைப் பார்த்தார். பூ விவசாயியை ஏமாற்ற முடியுமா?

"ஏம்மா, தண்ணி எங்க புடிக்கிற?" என்று அவளைத்தான் கேட்டார்.

"தெருக் கொழாய்லதாம்ப்பா. வெயில் வந்தா கெணத்துத் தண்ணி கரிக்கும். அதுல நாங்க குளிச்சிக்குவோம், செடிக்கு நல்ல தண்ணி ஊத்துவேன்."

நான் நல்ல தண்ணீரில் குளித்துக்கொண்டிருந்தேன்.

"பூ வளக்கிற கை இது" என்றார் அப்பா. மாதக்கணக்கில் நான் காத்திருந்த வார்த்தை வேலிக்கு அந்தப் பக்கம் போய்விட்டது. கூடவே கோணிப்பையும் போனது. "இங்க வெச்சா செத்துடும்மா, அங்க பொழைக்கட்டும்" என்று எனக்குச் சமாதானம் சொன்னார். அவர் பஸ் ஏறும்வரை நான் முகம் கொடுத்துப் பேசவில்லை.

மழைக்குப் பிறகு அக்கா வாசலில் சம்பங்கி பூத்தது. பொழுது சாய்ந்தால் அந்த வாசனை எங்கள் வீட்டுக்குள் வரும். எழுந்து போய் ஜன்னலைச் சாத்துவேன். மறுநாள் அவளே கொத்தோடு ஒடித்துக்கொண்டு வந்து தருவாள். சாமிக்கு வைப்பேன், ஆனாலும் எரியும்.

பிறகு சாலையை அகலப்படுத்தினார்கள். முதலில் இரண்டு வாசலும் போயின, அப்புறம் இரண்டு வீடும். நாங்கள் சென்னைக்கு வந்துவிட்டோம். அக்கா அனுமந்தைப் பக்கம் தம்பி வீட்டுக்குப் போனாள். சாமான் ஏற்றிய ஆட்டோவில் கிழங்கு மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு, "உனக்குக் கொஞ்சம் தரட்டுமாம்மா?" என்று கேட்டாள். "வேணாங்க்கா, பிளாட்ல எங்க வெக்கிறது" என்று சொல்லிவிட்டேன்.

இப்போது அப்பா இல்லை. அவர் பூக்கொல்லையை அண்ணன் விற்று, மனை பிரித்துக் கல் நட்டாயிற்று. அப்பா கையால் தோண்டிய சம்பங்கி இன்னும் எங்காவது பூக்கிறது என்றால் அது அக்காவின் வாசலில்தான். பொழுது சாயும்போது அவளுக்கு அந்த வாசனை வரும். எனக்கு வராது.