சந்தனம் பூசிய ஜெர்மன் துப்பாக்கி

ஆயுத பூசைக்கு முந்தின நாள் நான் கொழும்புக்குப் போயிருக்கக் கூடாது. போனேன். மறுநாள் குளித்து, வேட்டி கட்டிக்கொண்டு சாமி அறைக்குள் நுழைந்தால், சரஸ்வதி படத்துக்கு முன்னால், தேங்காய் துருவிக்கும் தையல் மெசினுக்கும் நடுவில் என் துப்பாக்கி. புளியும் கம்பி நாரும் போட்டுத் தேய்த்து, கலியாண வீட்டுக் குத்துவிளக்கு மாதிரி மின்னிக்கொண்டிருந்தது. குழலில் மூன்று சந்தனப் பொட்டு, அவற்றின் மேல் குங்குமம், பிடியில் ஒரு செவ்வந்திப்பூ.

"யார் இதத் தேய்ச்சது?" என்று கத்தினேன்.

"நான்தாங்க," என்றாள் மனைவி. குற்ற உணர்ச்சி என்பது மருந்துக்கும் இல்லை. "வெள்ளிப் பெயிண்ட் ஒட்டிக்கிட்டு அசிங்கமா இருந்திச்சி."

"அதப் போய் ஏன் இங்க வச்ச?"

"ஆயுத பூசைக்கு ஆயுதத்த வைக்காம, உங்க மூக்குக் கண்ணாடியவா வைக்கிறது?"

இந்த ஒரு கேள்விக்காகவே எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை.

ரத்தோட்டைப் பக்கம் ஓர் எஸ்டேட் பங்களாவைத் திருத்தும்போது வெளியே போட்ட தகரப் பெட்டியில் அது கிடந்தது. பழைய சாமான் என்றால் எனக்குக் கை அரிக்கும் என்று தெரிந்தவர்கள் பெட்டியோடு என்னிடம் தள்ளிவிட்டார்கள். குழலுக்குள் என் கட்டைவிரல் தாராளமாகப் போனது. விசையைச் சுற்றியிருக்கும் வளையத்துக்கு முன்னாலிருந்த நெம்புகோலை அழுத்தினால் குழல் முன்பக்கமாக மடிந்தது. இது ஆளைச் சுடுகிற துப்பாக்கி இல்லை. வானத்தில் வெளிச்சம் விட்டுச் சமிக்ஞை காட்டுவது. இரண்டாம் உலக யுத்தத்துக்குப் போன வெள்ளைக்காரத் தொரை யாரோ ஞாபகத்துக்குக் கொண்டுவந்திருக்க வேண்டும். பிறகு வந்த யாரோ, பங்களாவின் தண்ணீர்க் குழாய்க்கு அடித்த வெள்ளிப் பெயிண்டில் மிச்சத்தை இதற்கும் அடித்துவிட்டார்கள்.

வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் குழு ஒன்றில் படம் போட்டேன். ஜெர்மன் இராணுவத்துடையது போலிருக்கிறது, இடதுபக்க எழுத்தைக் காட்டு என்றார்கள். தேய்க்காதே, பெயிண்டுக்கு அடியிலிருக்கும் கறுப்புதான் அதன் பிறவித் தோல் என்றும் எச்சரித்தார்கள். எட்டு மாதம் பல்குத்தும் குச்சியும் மண்ணெண்ணெயுமாக உட்கார்ந்து ஒரு நகமளவு பெயிண்டை எடுத்தேன். பொலிசுக்கு அறிவிக்க வேண்டும் என்பது தெரியாமல் இல்லை. என்னவென்று தெரியாத சாமானை என்னவென்று அறிவிப்பது? அடையாளம் கண்டுவிட்டுச் சொல்லலாம் என்று எனக்கு நானே தவணை கொடுத்துக்கொண்டிருந்தேன். அந்த எட்டு மாதத் தோலை அவள் ஒரு மத்தியானத்தில் உரித்துவிட்டாள்.

பகல் சாப்பாட்டில் அடுத்த இடி விழுந்தது. மனைவியின் தம்பி, சீகிரியாவுக்கு வெள்ளைக்காரர்களை ஏற்றிப் போகும் த்ரீவீலர்காரன், பாயசத்தை உறிஞ்சிக்கொண்டே சொன்னான்: "மச்சான், ஒங்க துப்பாக்கிக்கு நல்ல மவுசு. ஸ்டேட்டஸ்ல போட்டேன், எல்லாரும் பாக்குறாங்க."

"என்னாத்த போட்ட?"

போனைக் காட்டினான். சரஸ்வதி, சுண்டல், நடுவில் என் ஜெர்மன்காரன். கீழே, 'அக்கா வீட்டு ஆயுதம்' என்று எழுதி மூன்று நெருப்புப் படம்.

"யார் யார் பாத்தா?"

பட்டியலை இழுத்தான். "பெரியம்மா, வஹகோட்டை பெயிண்டர், சார்ஜன்ட் மஹத்தயா..."

"எந்த சார்ஜன்ட்?"

"நம்ம பொலிஸ் ஸ்டேசன்தான். அவரு மக டியூசனுக்கு என் வண்டிலதான் போகுது."

அதற்குப் பிறகு நான் செய்ததை எழுதவே வெட்கமாக இருக்கிறது. துப்பாக்கியை அரிசி மா டின்னில் புதைத்தேன். பொலிஸ்காரர்கள் மா டின்னைத்தான் முதலில் பார்ப்பார்கள் என்று தோன்றி, வாஷிங் மெசினுக்கு மாற்றினேன். சிறையில் பிரஷருக்குப் போடும் குளிசை கொடுப்பார்களோ மாட்டார்களோ என்று இரண்டு அட்டைகளைச் சட்டைப் பையில் போட்டேன். யாரோ கதவைத் தட்டவும் கழிவறைக்குள் ஓடித் தாழ்ப்பாள் போட்டேன். பக்கத்து வீட்டுக்காரி சுண்டல் கிண்ணத்தைத் திருப்பிக் கொடுக்க வந்திருந்தாள்.

"இவ்வளவு பயந்த மனுசன் பொம்மக் கார சேத்திருக்கலாம்," என்று கதவுக்கு வெளியே நின்று சொன்னாள் மனைவி.

பயந்து சாவதைவிட நானே கொண்டுபோய்க் கொடுப்பது மேல் என்று முடிவெடுத்தேன். பொட்டு வைத்த துப்பாக்கியைப் பொலிசில் நீட்ட முடியாதே என்று ஈரத் துணியால் துடைத்தேன். பொட்டு போனது. உலோகத்தில் வெட்டியிருந்த குழிகளில் மட்டும் சந்தனம் காய்ந்து தங்கிவிட்டது. மஞ்சளாக, தெளிவாக, இரண்டு சின்ன ஆங்கில எழுத்து. பக்கத்தில் கடுகளவு கழுகு முத்திரை. எதிரிக்குத் தெரியாமலிருக்க, ஜெர்மன் தொழிற்சாலைகள் யுத்த காலத்தில் பெயருக்குப் பதிலாக அடித்த குறி! எட்டு மாதமாக நான் தேடிய எழுத்தை, என் கலெக்சனை நாசமாக்கியவளின் சந்தனம் காட்டிக் கொடுத்தது. சந்தோசப்படக்கூட எனக்கு நேரம் இல்லை, பாருங்கள்.

போவதற்கு இருந்த ஒரே வண்டி மச்சானுடையது. அன்று அதற்கும் பூசை. இரண்டு பக்கமும் வாழைக்கன்று, கண்ணாடி நிறைய மாலை, பாட்டு வேறு. திருட்டுத்தனமாகத் துப்பாக்கி கொண்டுபோகிற எனக்கு, டவுன் முழுக்க நின்று வேடிக்கை பார்க்கும்படி தேர் பவனி.

சார்ஜன்ட் நல்ல மனிதர். எங்கள் பேச்செல்லாம் சிங்களத்தில்தான் நடந்தது. ஸ்டேட்டஸ் பற்றிக் கேட்டேன்.

"அந்த போன் எங்கிட்ட எங்க இருக்கு? மகதான் வச்சிருக்கா. நான் ஒண்ணும் பாக்கலியே."

அப்படியே திரும்பிவிடலாம் என்று பார்த்தேன். ஆனால் பை ஏற்கெனவே மேசையில் திறந்திருந்தது. அவர் எடுத்துப் பார்த்தார், குழலுக்குள் எட்டிப் பார்த்தார், கையில் தூக்கி எடை பார்த்தார்.

"இதுவா? லேசா இருக்கு, பளபளன்னு இருக்கு. புள்ளைங்க வெளையாடுற சாமான் தானே? இதுக்கா பயந்தீங்க?"

இந்த இடத்தில் ஆமாம் சேர் என்று ஒரு வார்த்தை. அவ்வளவுதான் தேவை. சிரித்துக்கொண்டே பையைக் கட்டி வீட்டுக்கு வந்திருக்கலாம்.

ஆனால் விளையாட்டுச் சாமானா? என் உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. "என்ன சேர் பேசுறீங்க! இது அசல் ஜெர்மன் ஆமி சாமான். லேசா இருக்கிறது அலுமினியக் கலவைங்கிறதால. இந்தக் கழுகப் பாருங்க. இந்த ரெண்டு எழுத்தும் தொழிற்சாலையோட குறி. குழல் இப்படி மடியும், தோட்டா இங்க போகும்..." மடித்தும் காட்டினேன்.

சார்ஜன்ட் முகத்திலிருந்த சிரிப்பு மெல்ல இறங்கியது. "அப்ப தோட்டா போட்டா வெடிக்குமா?"

"ஏன் வெடிக்காது?" என்றேன், ரோசத்தோடு.

அவர் பெரிய புத்தகத்தைத் திறந்தார். பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும், அனுமதி கிடைத்தால் திருப்பித் தரலாம், கிடைக்காமலும் போகலாம் என்று பொறுமையாகச் சொன்னார். பிறகு 'பழைய இரும்புத் துவக்கு ஒன்று' என்று எழுதத் தொடங்கினார். இரும்பு இல்லை, அலுமினியம் என்று நான் திருத்தினேன். அவர் அதை அடித்துவிட்டு எழுதினார். ஜெர்மன் என்பதையும் போடச் சொன்னேன். அதையும் போட்டார்.

வெளியே வாழைக்கன்றுகளுக்கு நடுவில் மச்சான் காத்திருந்தான்.

"என்ன மச்சான், விட்டுட்டாங்களா?"

"என்னைய விட்டுட்டாங்க," என்றேன். "மொதல்ல அந்தப் பாட்ட நிப்பாட்டு."