தைப்பூசத்தன்று வைத்த ஆட்டம்

முட்டி உடைந்து நான் ஆட்டத்தை விட்ட பிறகு என்னைக் கிளப்புக்குத் தலைவராக்கினார்கள். மரியாதைக்காக இல்லை. வேறு எவனும் அந்தப் பாரத்தைத் தூக்க வரவில்லை. சிங்கப்பூரில் செராங்கூன் சாலையில் மாட்டுப் பட்டிகளுக்குப் பின்னால் இருந்த திடலில் காற்பந்து ஆடும் தமிழர் கிளப் எங்களுடையது. அந்த வருஷம் ஒரு ஆட்டம்கூட ஜெயிக்கவில்லை. காய்ச்சலில் பாதிப் பேர் படுத்துவிட, ஒரு ஆட்டத்துக்குப் போகவே முடியவில்லை. இன்னொரு முறை ஆள் சேராவிட்டால் திடல் வேறு கிளப்புக்குப் போய்விடும் என்று போட்டியை நடத்திய துரைமார் சொல்லிவிட்டார்கள்.

அடுத்த ஆட்டம் பட்டாளத்துக்காரர்களோடு. எங்கள் செயலாளர் யாழ்ப்பாணத்துக் கிறிஸ்தவர், கவர்மெண்டு ஆபீசில் எழுத்து வேலை பார்க்கும் கிராணி. துரை சொன்ன நாளுக்குத் தலையாட்டிவிட்டு வந்தார். அது தைப்பூசம்.

"என்னய்யா நீரு? நம்ம ஆளுங்க பாதிப் பேரு அன்னிக்குக் காவடி எடுக்கிறானுங்க!"

"துரை நாளைச் சொல்லிப்போட்டார் அண்ணை. அவரிட்ட ஏலாதெண்டு எப்பிடிச் சொல்லுறது?"

நானே போனேன். துரை வண்டியில் ஏறும்போது மறித்துக் கேட்டேன். மாற்ற முடியாது என்றார். என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை.

பிறகு எங்கள் முன்னணி ஆட்டக்காரனிடம் போனேன். மாட்டுவண்டி ஓட்டுகிறவன். விரதத்தில் இருந்தான்.

"காவடிய நடுரோட்டுல எறக்கி வெச்சிட்டு வந்து பந்து உதைக்கவாண்ணே? பேசாம முருகனையே கோலுக்கு நிக்க வைங்க. அவருக்குத்தான் பன்னெண்டு கையி."

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். அறைந்துவிடலாம் போலிருந்தது. ஆனால் காய்ச்சலில் கிடந்த அவன் பிள்ளை பிழைத்ததற்கான வேண்டுதல் அது. திரும்பி வந்துவிட்டேன்.

தைப்பூசத்தன்று திடலுக்கு வந்தவர்கள் ஆறு பேர். இரண்டு கிராணிகள், துணிக்கடை முஸ்லிம் இளைஞர்கள் மூவர், நொண்டிக்கொண்டு நான். நடுவர் எங்களை விரலால் எண்ணினார். ஊதலைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு நடந்தார். பந்தை யாரும் தொடவே இல்லை. டேங்க் ரோடு முருகன் கோயிலில் எங்கள் ஆட்கள் அந்நேரம் காவடி இறக்கிக்கொண்டிருந்திருப்பார்கள்.

மறுவாரமே திடல் போய்விட்டது. எங்கள் கோல் கம்பங்களைப் பிடுங்கி வேலியோரம் எறிந்திருந்தார்கள். நான் அவற்றைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போது செயலாளர் வந்தார்.

"இவ்வளவு காலம் திடல் தந்ததுக்குத் துரைக்கு நன்றி சொல்லி ஒரு கடிதம் போட வேணும் அண்ணை. இல்லாட்டி மரியாதை இல்லை."

"போட்டுக்கும். என் பேரை அதுல எழுதினீரு, கைய முறிச்சிடுவேன்."

எழுதி அனுப்பினார். பதில்கூட வரவில்லை.