இரண்டாவது மூடி பொட்டாசியம்

பெங்களூரு எலெக்ட்ரானிக் சிட்டியில் ரத்தப் பரிசோதனை லேப் ஒன்றில் வேலை பார்க்கிறேன். வீட்டில் கடல்நீர்த் தொட்டி வைத்துப் பவளம் வளர்க்கிறோம். போன மாதம் ஊதாப் பவளம் ஒன்று வெளிறத் தொடங்கியது. நீர்ப் பரிசோதனை கிட்டில் தொட்டி நீரைச் சோதித்தேன். பொட்டாசியம் மிகக் குறைவு என்று காட்டியது. உடனே பொட்டாசியக் கரைசலை ஒரு மூடி ஊற்றினேன்.

மறுநாள் மாலை பவளங்கள் எல்லாம் சுருங்கிக் கிடந்தன. நத்தைகள் கண்ணாடியிலிருந்து நழுவி மணலில் விழுந்திருந்தன. மறுபடி சோதித்தேன். அளவு கொஞ்சமும் ஏறவில்லை. ஊற்றியது போதவில்லை என்று நினைத்து அடுத்த மூடியை நிரப்பினேன்.

"ஸ்வல்ப இரு, கொஞ்சம் பொறு," என்றார் கணவர். "உங்க லேப்ல பொட்டாசியம் இப்படி ஏடாகூடமா வந்தா என்ன பண்ணுவீங்க?"

"கன்ட்ரோல் ஓட்டிப் பார்ப்போம்."

"இங்க ஓட்டுனியா?"

எனக்குச் சுருக்கென்றது. அளவு தெரிந்த மாதிரி ஒன்றை ஓட்டி, கருவி சரிதான் என்று உறுதியான பிறகே நோயாளியின் ரத்தத்தைத் தொடுகிறவள் நான். மூடியைக் கீழே வைத்துவிட்டு, தொட்டிக்கென விற்கும் கடலுப்பில் புதிதாகக் கலந்த உப்புநீரைச் சோதித்தேன். அதில் பொட்டாசியம் சரியாக இருந்தாக வேண்டும். அதற்கும் அதே குறைந்த அளவுதான் வந்தது. கெட்டுப்போயிருந்தது கிட்.

அன்றே பாதி நீரை மாற்றினோம். புது கிட் வாங்கிப் பார்த்தால், நீரை மாற்றிய பிறகும் பொட்டாசியம் தேவைக்கு மேலேயே இருந்தது. நத்தைகள் மெல்ல மறுபடி கண்ணாடி ஏறின.

இப்போதெல்லாம் முதலில் புது உப்புநீரைச் சோதித்துவிட்டுத்தான் தொட்டிக்குப் போகிறேன். ஊதாப் பவளம் இன்னும் வெளிறித்தான் இருக்கிறது. ஏனென்று தெரியவில்லை. தெரியும்வரை அதற்கு எதையும் ஊற்றப்போவதில்லை.